முதலில் கால் மேலே வரணும்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப மகிழ்ச்சி. கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு வாங்கிவிட்டேன், இனி தனியாகவே கடலுக்குப் போவேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு ஒரே கவலை. கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவாய்?

போன மாதம் நான் கவிழ்ந்தேன். விளிம்பைப் பிடித்துக் கைபலத்தில் ஏறப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கால் இரண்டும் படகுக்கு அடியில் போய்விடும், படகு என் பக்கமே புரளும். மூன்றாம் முறைக்குள் தோள் ஓய்ந்துவிட்டது. கூட வந்தவர், "முதல்ல காலை மேலே கொண்டுவாங்க" என்றார். நீச்சல் அடிப்பதுபோல் காலை உதைத்து, உடம்பு தண்ணீர்மட்டத்தில் படுத்த பிறகு, ஒரே உந்தலில் நெஞ்சு பின்தளத்தில், அதாவது இருக்கைக்குப் பின்னால் உள்ள படகின் மேற்பரப்பில், ஏறிவிட்டது.

தனியாக இருந்தால் பேடில் ஃப்ளோட் கட்டாயம் வேண்டும். அந்தக் காற்றுப்பையைத் துடுப்பின் ஒரு முனையில் மாட்டி ஊது. மறுமுனையைக் காக்பிட்டுக்கு (நாம் உட்காரும் குழி) பின்னால் படகின் குறுக்கே வைத்து, துடுப்பையும் காக்பிட் விளிம்பையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்துக்கொள். பின்தளத்தில் குப்புறப் படுத்து, தலை படகின் பின்முனையைப் பார்க்க, கால்களை ஒவ்வொன்றாகக் காக்பிட்டுக்குள் விடு. திரும்பி உட்காரும்போது பை இருக்கும் பக்கமே சாய்ந்து திரும்பு. மறுபக்கம் சாய்ந்தால் திரும்பவும் தண்ணீர்தான். எழுந்து நிமிரவும் அவசரப்படாதே. பம்ப் செய்து தண்ணீரை வெளியேற்றும்வரை பையைக் கழற்றாதே.

துணைக்கு ஆள் இருந்தால் பாதி வேலை குறையும். கவிழ்ந்த படகின் முன்முனையை அவர் தன் படகின் மேல் இழுத்துப் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வடிந்துவிடும். அப்புறம் நிமிர்த்தி, இறுகப் பிடித்துக்கொள்வார், நீ ஏறலாம்.

எது நடந்தாலும் படகை விடாதே. காற்று அடித்தால் வெறும் படகு நீ நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். குளிர்ந்த நீரானால், முதல் ஒரு நிமிடம் மூச்சை நிதானப்படுத்துவதற்கே சரியாக இருக்கும். அதன்பின் கைவிரல்கள் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம்தான். பையை ஊத, அதன் கொக்கியை மாட்ட அந்த விரல்கள்தானே வேண்டும்?

அடுத்த மாதம் நான் வரும்வரை தனியாகப் போகாதே. அமைதியான நீரில் பத்துத் தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறலாம். பிறகு அலை இருக்கும் இடத்திலும் பார்ப்போம். பேடில் ஃப்ளோட்டை மட்டும் இப்போதே வாங்கி வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்