செல்வத்துக்கு, அம்பத்தூர் டிரான்ஸ்ஃபார்மர் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்குக் கட்டாயம் வருகிறோம், இவளுக்கு மூட்டுவலி, கீழ் பெர்த் மட்டும் கிடைக்க வேண்டும்.

சரி, நீ வாங்க நினைத்துப் பார்த்துவரச் சொன்ன பழைய 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். விலை மலிவுதான், புது பெயிண்ட் பளபளக்கிறது, "ஆயில் ஃபில்டர் பண்ணிட்டோம் சார், பி.டி.வி. 60 வருது" என்று ரிப்போர்ட்டை நீட்டினார்கள். அதை நம்பி இறங்காதே. பி.டி.வி. என்பது ஆயில் எத்தனை கிலோவோல்ட் வரை தாங்கும் என்ற எண், ஆயிலைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஈரத்தையும் தூசியையும் எடுத்துவிட்டால் எவ்வளவு பழைய பெட்டியிலும் அந்த எண் வந்துவிடும். ஆயிலை மாற்றலாம், வைண்டிங்கில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில்) சுற்றியிருக்கிற கிராஃப்ட் பேப்பரை மாற்ற வேண்டுமென்றால் ரீவைண்டிங்தான், அதற்கு நீ புதிதே வாங்கிவிடலாம்.

அந்தப் பேப்பர் செல்லுலோஸ். புதிதில் ஒரு சங்கிலிக்கு 1000 குளுக்கோஸ் கண்ணிகளாவது இருக்கும். சூடும் ஈரமும் ஆயிலில் சேரும் அமிலமும் அதை வெட்டிக்கொண்டே போகும், 200 பக்கம் வந்தால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. அதிகம் சூடாகும் இடத்தில் 6 டிகிரி கூடினாலே சிதையும் வேகம் இரட்டிப்பாகும். கொடுமை என்னவென்றால், சிதையும்போது பேப்பரே தண்ணீரையும் உண்டாக்கும், அந்தத் தண்ணீர் இன்னும் சிதைக்கும். இந்த ஊர்க் கடல்காற்றில், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரைக் கவனிக்காமல் விட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பெட்டியின் பிரீதரில் நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல், ஈரம் குடித்து அடியிலிருந்து மேல்வரை வெளிறிய பிங்க்.

நைந்த பேப்பரும் அசையாமல் இருக்கும்வரை வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும், ஏமாறுவது அங்கேதான். வெளியே ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகி வைண்டிங் உதறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கோயம்புத்தூர் வரை லாரியில் குலுங்குவதையே தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஃபியூரான் டெஸ்ட் இருக்கிறதே என்பாய். பேப்பர் சிதைந்தால் ஆயிலில் கலப்பதுதான் அது, வாஸ்தவம். ஆனால் ஆயிலை மாற்றினாலோ ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண்ணில் சுத்தம் செய்தாலோ அதுவும் கூடவே போய்விடும், பேப்பரிலிருந்து மறுபடி ஊறிவர மாதக்கணக்கில் ஆகும். அதனால் பழைய ஆயிலின் ரிப்போர்ட் ஏதாவது உண்டா என்று கேட்டேன், "தேடிப் பார்க்கிறோம்" என்றார்கள். தேடமாட்டார்கள். மேல்மூடியைத் திறந்து லீட் (வைண்டிங்கிலிருந்து வெளியே வரும் கம்பி) பக்கம் ஒரு துண்டு பேப்பர் எடுத்து லேபுக்கு அனுப்பச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசு (உள்ளே சூட்டில் கிடக்கும் பேப்பர் அதைவிட மோசமாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் வை). இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதே.

அப்புறம், லோடு கூடப்போகிறது என்று எழுதியிருந்தாயே, எவ்வளவு என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் புதிதுக்கும் விலை விசாரித்து வைக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு