நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எங்கள் நன்றி

இந்த ஆண்டு முழுக்க எங்கள் மாணவர்களுக்குத் துணை நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். எங்கள் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் உங்கள் ஊர்களின் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, அதையே புராஜெக்டாக எழுதி முடித்துவிட்டார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் நன்றி என்று நாலு வரி போட்டிருக்கிறார்கள். நீங்கள் செய்ததற்கு நாலு வரி எந்த மூலைக்கு? அதனால்தான் இந்த மடல்.

முதலில் டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு. எந்த போர் எத்தனை அடி, எப்போது போட்டது, கோடையில் எது வற்றும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் மோட்டார் போட்டுவிட்டு, தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னே போய் வழிகாட்டுவார். ஃப்ளூரைடு சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று கேட்டதும், வீடு வீடாகக் காலி பாட்டில் சேகரித்துக் கழுவி வைத்தவரும் அவர்தான்.

அப்புறம், தன் சமையலறைக்குள் பிள்ளைகளை உட்கார வைத்துக் களியும் கீரைக் குழம்பும் போட்ட அந்த அக்காவுக்கு. "காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடாதா?" என்று அவர் கேட்டார். கிருமிதான் சாகும், ஃப்ளூரைடு ஆவியாகாது, தண்ணீர் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும் என்று ஒரு மாணவி புத்தகத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அக்கா கொஞ்சம் யோசித்து, "ரசம் சுண்டினா உப்புக் கரிக்குமே, அந்த மாதிரியா கண்ணு?" என்றார். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்படியேதான் சொன்னார்கள். அடர்த்தி என்ற பாடத்தை இவ்வளவு தெளிவாக நான் வகுப்பில் நடத்தியதில்லை.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசிய பெரியவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். "கிணத்துத் தண்ணி குடிச்ச காலத்துல எங்களுக்கு இந்த மூட்டு வலி இல்லையே" என்றார். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் ஆழத்தையும் ஃப்ளூரைடு அளவையும் சேர்த்து வரைபடம் போடும் யோசனை வந்தது. நம் மாவட்டத்துப் பாறைகளிலேயே ஃப்ளூரைடு உண்டு. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடக்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. கால்சியம் நிறைய இருந்தால் அதோடு சேர்ந்து கரையாமல் படிந்துவிடும். கால்சியம் குறைந்த, காரத்தன்மையுள்ள தண்ணீரில் கரைந்தே நிற்கும். நாக்குக்கு எதுவும் தெரியாது. ஓர் உப்பு எந்த அளவுக்கு மேல் கரையாமல் படியும் என்று கணக்கிட, கரைதிறன் பெருக்கம் என்று தேர்வுக்காகப் படித்த பகுதி இதுதானா என்று பிள்ளைகள் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பள்ளியில் ஒரு சிறுமி சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று வீட்டில் தினமும் திட்டு. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரால் வந்த கறை இது, தேய்த்துப் போகாது என்று விளக்கினோம். அவள் அம்மா உலக தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபையில் எழுந்து, தானே அதைச் சொன்னார். அந்தத் துணிச்சலுக்கு எப்படி நன்றி சொல்வது!

அதே சபையில் எங்கள் முடிவுகளைப் படிக்க நேரம் ஒதுக்கிய பஞ்சாயத்துத் தலைவருக்கு நன்றி. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய அடிபம்புகளில் 'குடிக்க வேண்டாம்' என்று மறுநாளே பெயின்ட்டில் எழுத வைத்தார். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், போர் தண்ணீர் மற்ற வேலைகளுக்கு என்று வீடு வீடாக எடுத்துச் சொன்ன கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் தனியாக ஒரு கும்பிடு.

கல்லூரியில், இந்த வேலைக்குப் பாட மதிப்பெண் தர ஒப்புக்கொண்ட முதல்வருக்கும், மாலையில் ஆய்வகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்த உதவியாளருக்கும் நன்றி. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-லிருந்து இருக்கிறது. ஆனால் முகாம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்றே பெரும்பாலும் நடத்திவந்தோம். இரண்டும் சேர்ந்தால் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை இந்த ஆண்டு கண்ணால் பார்த்தேன். ஃப்ளூரைடு கூடக்கூடச் சோதனைக் கரைசலின் சிவப்பு வெளிறும். ஆய்வகத்தில் அது வெளிறும்போது, இது யார் வீட்டுத் தண்ணீர் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி டவுன் பஸ்ஸை எங்களுக்காக இரண்டு நிமிடம் நிறுத்திவைத்த நடத்துநருக்கும், பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

ஊர்வாரியாக முடிவுகள் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அடுத்த அணி அதே போர்களில் மறுபடி தண்ணீர் எடுக்க வரும். மழைக்குப் பின் அளவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் அண்ணன் இப்போதே பாட்டில் சேர்க்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

அன்புடனும் நன்றியுடனும்,
வேதியியல் துறை ஆசிரியரும் மாணவர்களும்,
தர்மபுரி