தேதி தவறாமல் கிரையோ

அன்புள்ள கயல்விழிக்கு,

குழந்தை மறுபடி தவழத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மூளையில் கசிந்த ரத்தம் கரைந்துவிட்டதால் இனி மாதாமாதம் கிரையோ (தானமாக வந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து உறையவைத்த பகுதி) ஏற்ற வேண்டாம், மீண்டும் கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்வதாகவும் எழுதியிருந்தாய். ரத்த வங்கியில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு மட்டும் சம்மதிக்காதே.

கிரையோவில் இருக்கும் ஃபேக்டர் 13 என்ற புரதம், நம் குழந்தையைப் போல, ரத்தத்தில் இல்லாதவர்களுக்கும் ரத்தம் உறையும். ஆனால் உறைந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும் ஆள் அதுதான் என்பதால், அது இல்லாத ரத்தக்கட்டி ஓரிரு நாளில் கரைந்துவிடுகிறது. தொப்புள்கொடி விழுந்த பிறகு துணி நனைவதும், நின்றுவிட்டது என்று நினைத்த மறுநாளே மீண்டும் நனைவதுமாக இருந்தது இதனால்தான். அப்போது எடுத்த பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் சரியாக வந்ததும் இதனால்தான்; அவை ரத்தம் உறையும் நேரத்தை மட்டுமே அளக்கும். வேலூரில் ரத்தக்கட்டியை யூரியா கரைசலில் போட்டு, அது கரைந்துபோவதைப் பார்த்த பிறகே நோய் பிடிபட்டது. ஏறத்தாழ 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் இந்தக் குறைபாடு, சொந்தத்தில் மணம் முடிக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களில் கூடுதலாகத் தென்படுகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொரு பழுதான மரபணு இருந்திருக்கிறது, அவ்வளவுதான். யாரும் யாரையும் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

தடுப்பு மருந்து இல்லாதபோது இந்த நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிகிறது. ஒருமுறை கசிந்த பிள்ளைக்கு மீண்டும் கசியும் அபாயம் பெரிது, அதற்குப் பலத்த அடி பட வேண்டும் என்பதும் இல்லை. கசிந்த பிறகு ஏற்றுவதால் ரத்தம் நிற்கலாம், ஆனால் அதற்குள் கெட்டுப்போன மூளைப் பகுதி திரும்பி வராது. ஹீமோஃபிலியா பிள்ளைகளுக்கு ஏற்றும் எட்டாம் ஃபேக்டர் அரை நாளில் பாதியாகிவிடுவதால் அவர்கள் வாரத்தில் பல முறை ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பதின்மூன்றோ பாதியாக 9 முதல் 14 நாள் ஆகும், சிறிதளவு இருந்தாலே காக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும் என்று மருத்துவர் சொன்னது அதனால்தான். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடியதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

உறைந்த கிரையோ பையை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்குவார்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது முழுவதும் கலங்கிக் கரைந்திருக்கிறதா என்று நீயும் ஒருமுறை பார். உருக்கிய பை 6 மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்பதால், முந்தைய நாளே ரத்த வங்கிக்குச் சொல்லி வை. கிரையோவில் கிருமி நீக்கம் செய்வதில்லை. ஆகவே மஞ்சள்காமாலை பி தடுப்பூசியை முடித்துவிடு, கிருமி நீக்கிய ஃபேக்டர் 13 மருந்து கிடைக்குமா என்றும் மருத்துவரிடம் கேள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் கொடு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வீட்டில் இருக்கவே வேண்டாம்.

தலையில் அடிபட்டாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போ. முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி எப்போதும் கைப்பையில் வைத்திரு.

அத்தையிடம் நானே பேசுகிறேன். அடுத்த தேதியை எழுது; முதல்நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா