எங்கள் சந்துக்கு ஒரு தேதி கொடுங்கள்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் ஐயா அவர்களுக்கும், நில அளவைப் பிரிவில் உள்ளவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கோப்பை முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சந்து. அதன் எல்லையை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லிக் கேட்ட எஃப் லைன் மனு. இணையத்தில் ஒரு தடவை, ஜமாபந்தியில் ஒரு தடவை, கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது. மூன்றும் சுற்றிச் சுற்றி உங்கள் அலுவலகத்தின் அதே மேசைக்குத்தான் வந்து சேர்ந்தன.

போன செவ்வாய்க்கிழமை என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நிலம் அளக்கப்பட்டு, எல்லை காண்பிக்கப்பட்டு, மனு முடிக்கப்பட்டதாம். அன்று முழுக்க நான் திண்ணையில்தான் இருந்தேன். சந்துக்குள் ஒரு பூனை போனது, திரும்பி வந்தது. வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சேதி எட்டியிருக்கிறது. வாசலுக்கு வந்து, "அளந்தாச்சாமே தம்பி, எப்ப வந்தாங்க? என்னைக் கூப்பிடவே இல்லையே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் கோப்பில் இருப்பது ஒரு கோடு. எங்களுக்கு அது அம்மா படுக்கும் அறையின் மேற்குச் சுவர். அந்தச் சுவரின் வெளிப்புறம் பூச்சு உதிர்ந்து நாலு வருஷம் ஆகிறது. செங்கல் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. ஐப்பசி பிறந்தால் சாரல் நேரே செங்கல்லில் இறங்கும், கார்த்திகையில் உள்பக்கம் சுண்ணாம்பு கொப்புளமாய் உப்பி விழும். உள்ளே எத்தனை தடவை பூசினாலும் நிற்கவில்லை. "வெளியே பூசாம உள்ளே பூசறது, ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி" என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அம்மாவின் கட்டிலை முதலில் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளினோம். அடுத்த வருஷம் அறையின் நடுவுக்கு இழுத்தோம். போன மழைக்கு அது கூடத்துக்கே வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் தாண்டிப் போகிற இடத்தில் அவர் தூங்குகிறார். அறையில் இப்போது அரிசி மூட்டைகூட வைக்க முடியாது, புழுங்கிய வாடை அடிக்கிறது.

வெளியே பூச வேண்டுமென்றால் சந்துக்குள் சாரம் கட்ட வேண்டும். சந்தின் வாயில் அண்ணன் ஒரு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் பத்திரத்தில் நாலு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில், மேற்கே இரண்டரை அடிப் பொதுச் சந்து என்றும், அதில் இறவாரத் தண்ணீர், அதாவது கூரை விளிம்புத் தண்ணீர், விழும் பாத்தியம் உண்டு என்றும் இருக்கிறது. அவர் பத்திரத்தில் சந்து என்ற பேச்சே இல்லை. முப்பது அடி மனை என்று மட்டும் இருக்கிறது. அவருடைய மேற்குச் சுவரிலிருந்து நாடா பிடித்தால் அந்த முப்பது அடி என் சுவரில் வந்து முட்டுகிறது. அவர் எழுதிய பத்திரமும் இல்லை, நான் எழுதிய பத்திரமும் இல்லை. இரண்டு தாத்தாக்கள் இரண்டு பத்திர எழுத்தரிடம் போன வினை. "சர்க்கார் அளந்து கல்லைப் போடட்டும் தம்பி, சாவியை நானே கொண்டுவந்து தர்றேன்" என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். எதிர்த் தரப்பே அளவையைக் கேட்கிற வழக்கு உங்களுக்கு அடிக்கடி கிடைக்காது. ஆகவே கேட்கிறேன்: ஒரு தேதி சொல்லுங்கள்.

அளவர் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை வந்தபோது கருவியில் சார்ஜ் இல்லை. இரண்டாம் தடவை சார்ஜ் இருந்தது, ஆனால் தெருமுனையில் இருக்க வேண்டிய அளவைக் கல்லைக் காணவில்லை. காணாமல் எங்கும் போகவில்லை. பேரூராட்சி சிமென்ட் சாலை போட்டபோது அதன் அடியில் போய்விட்டது, தெருவில் எல்லாரும் பார்த்ததுதான். சாலையைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாமா என்று பேரூராட்சியில் கேட்டேன். நில அளவைப் பிரிவு எழுதிக் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். உங்கள் பிரிவில் கேட்டேன். பேரூராட்சி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923-ல் வந்தது. தன் நிலத்து அளவைக் கல்லைப் பேணுவது நிலத்துக்காரரின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். அரசாங்கமே கல்லின் மேல் சாலை போட்டால் யார் பொறுப்பு என்பதையும் யாராவது சொன்னால் தேவலை.

சார்ஜ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1802-ல் பரங்கிமலையிலிருந்து அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய நில அளவர் லாம்டன், 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் தியோடலைட் என்ற தன் கோணம் அளக்கும் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார். அரை டன் எடை. கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் திரும்பிப் போய்விடவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே நிமிர்த்திச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து அளந்தார். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்ததுதான். இப்பேர்ப்பட்ட மாநிலத்தில் ஒரு இரண்டரை அடிச் சந்து பேட்டரிக்காகக் காத்திருக்கிறது. நில ஆவண இணையதளத்தில் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' என்று போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ராத்திரி பதினொரு மணிக்கு நான் மனு போட்டேன், போனது. அளவர்தான் எங்கிருந்தும் எந்நேரத்திலும் வருவதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் அளவர்களுக்கும் வேலை தலைக்குமேல் இருக்கிறது என்பது தெரியும். தேர்தல் வேலை, வெள்ளக் கணக்கு, நில எடுப்பு எல்லாமே அந்த ஒருவர் தலையில்தான் விழுகிறது. அதற்காக வராத நாளில் வந்ததாக எழுத வேண்டுமா?

"சிவில் கோர்ட்டுக்குப் போங்களேன்" என்றும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். வக்கீலிடம் கேட்டுப் பார்த்தேன். கோர்ட் வக்கீல் கமிஷனரை நியமிக்குமாம். கமிஷனர் வந்து பார்ப்பாராம். அளக்க மட்டும் உங்கள் அளவரையே கூட்டி வருவாராம்! சில வருஷமும் கொஞ்சம் பணமும் செலவழித்துவிட்டுக் கடைசியில் அதே மனிதருக்காகத்தான் வாசலில் நிற்க வேண்டும் என்றால், இப்போதே நிற்கிறேனே.

அப்புறம், அளந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். எங்கள் மனை அகலம் பத்திரத்தில் 27 அடி, ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான நத்தம் வரைபடத்தில் 8.2 மீட்டர். அடியாக்கிப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது. ஓர் அங்குலத்துக்குச் சண்டை போட நாங்கள் இரண்டு பேருமே தயாராக இல்லை. சந்து முழுக்க அவருடையது என்றே கல் விழுந்தாலும் சரி, இறவாரத் தண்ணீர் இத்தனை காலம் அங்கேதான் விழுகிறது. இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்ததற்கு, அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. தன் குழாய் அடுத்தவர் நிலத்தில் போனால், பழுது பார்க்க அங்கே இறங்கித் தோண்டலாம் என்று உதாரணமே கொடுத்திருக்கிறது. பூச்சு வேலைக்குப் பத்து நாள் சந்தில் நிற்பதை நானும் அண்ணனும் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். அந்தப் பேச்சைத் தொடங்கக் கோடு எங்கே என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். முடித்த மனுவைத் திரும்பத் திறக்க வேண்டும். சாலைக்கு அடியில் இருக்கும் கல்லுக்காகப் பேரூராட்சிக்கு உங்கள் பக்கமிருந்து ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு வீட்டுக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் வந்து, அளந்து, கல் நட வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் வந்தால் பூச்சு காய வெயில் கிடைக்கும் என்று கொத்தனார் சொல்கிறார். அவரும் தேதிதான் கேட்கிறார்.

இந்த மடலை அனுப்புமுன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். "பூட்டைப் பத்தி எழுதினது சரிதான், ஆனா கோவிச்சுக்கிட்டுப் போட்ட பூட்டு இல்லைன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்க" என்றார். சேர்த்துவிட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தேதியை எங்கள் இரண்டு பேரில் யாரிடம் சொன்னாலும் போதும், மற்றவரை அழைத்துவர நாங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சந்தின் கிழக்கு வீட்டுக்காரன்
சந்தின் மேற்கு வீட்டுக்காரர்