அந்தக் கவரை வெட்டாதீர்கள்

வடசென்னையில் தபால்தலை சேர்க்கும் நண்பர்களுக்கும், பள்ளிகளில் ஸ்டாம்ப் கிளப் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் பற்றித்தான் இந்த மடல். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கவர் துண்டு, உரிந்து வரும் ஸ்டாம்பைப் பேப்பரில் காயவைப்பது. நானும் அப்படித்தான் படித்தேன். அதை இனி முதல் பாடமாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு கவர் இருக்கிறது. தெற்கு மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைக்க, வடக்கோடு 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்ட தெற்குப் படை அதிகாரி ஒருவர், ஜான்சன் தீவுச் சிறையிலிருந்து வீட்டுக்கு எழுதியது. ஈரி ஏரிக்கரையில் சாண்டஸ்கி என்ற ஊருக்கு எதிரே இருக்கும் தீவு அது. வலது மூலையில் வடக்கு அரசின் 3 சென்ட் ஸ்டாம்ப், மேலே சாண்டஸ்கி முத்திரை. ஓரத்தில் கடிதத்தைப் படித்துப் பார்த்த அதிகாரியின் இனிஷியல், பழுப்பேறிய மையில். இவற்றுக்குப் பக்கத்திலேயே சதுரமாக ஓர் ஓட்டை. யாரோ கத்திரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் சறுக்கி, ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகளும் போய்விட்டன.

அங்கே இருந்தது தெற்கு அரசின் 10 சென்ட் ஸ்டாம்பாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டாம்பை மற்றவர் ஏற்காத காலம். அதனால் கைதிகள் பலர் இரண்டையும் ஒட்டி அனுப்பினார்கள். ஒரே பக்கம் எழுதலாம், குடும்ப விஷயம் மட்டும்தான். கவரை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். வெள்ளைக்கொடி பிடித்த படகில் வர்ஜீனியாவில் கைமாறி, தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குப் போகும். அங்கேதான் அந்த 10 சென்ட் மேல் முத்திரை விழும். அதாவது, கடிதம் எல்லை தாண்டியதற்கான சாட்சியே அந்த ஓட்டையில்தான் இருந்தது. அந்த ஸ்டாம்ப் இன்று எங்கோ ஓர் ஆல்பத்தில் தனியாகக் கிடக்கும். ஜார்ஜியாவின் அண்டர்சன்வில் முகாமில் மட்டும் வடக்குக் கைதிகள் சுமார் 13,000 பேர் செத்த போர் அது. இரு பக்கமும் வீட்டில் காத்திருந்தவர்களுக்கு உறையின் மேலிருந்த கையெழுத்தே பெரிய சேதி.

இதைப் போன வருடம் ஒரு கண்காட்சியில் வைத்தேன். புழல் அகதி முகாமிலிருந்து பேரனோடு வந்த ஓர் அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தம்பி, உள்ளுக்க என்ன எழுதியிருக்கு?" என்றார். கடிதம் இல்லை, கவர் மட்டும்தான் என்றேன். அவருடைய அண்ணன் இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்தபோது றெட் குறொஸ் (செஞ்சிலுவை) காரர் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார்களாம். "எழுத்தைக் கண்டதும் அம்மா அழத் தொடங்கிட்டா. பிறகுதான் வாசிச்சது." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பழைய கவர் கையில் கிடைத்தால் முழுசாக வையுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் பிரிக்காதீர்கள். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு என்று வியாபாரி சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கண்காட்சி ஃப்ரேமில் கடிதத்தின் நகலையும் அதன் கீழே தமிழ் மொழிபெயர்ப்பையும் வையுங்கள். ஸ்டாம்பின் நிறத்தையும் ஓரத்துப் பல் எண்ணிக்கையையும் எழுத இடமிருக்கிறது, இதற்கா இருக்காது? புழல் போன்ற முகாம்களில் இருப்பவர்களிடம் இப்படித் தாள்கள் இருந்தால், தயவுசெய்து விலை பேசாதீர்கள். அவை அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் என் கவரோடு வருகிறேன். பேசினை எடுக்கும் முன் பிள்ளைகள் அந்த ஓட்டையை ஒருமுறை பார்க்கட்டும்.

அன்புடன்,
ராயபுரத்துச் சேகரிப்பாளன்