ஜெனரேட்டருக்கு கேஸ் கிட்: முதலில் லோடைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டீசலோடு இயற்கை எரிவாயுவையும் சேர்த்து எரிக்கிற கேஸ் கிட்டை டீசல் ஜெனரேட்டரில் மாட்டினால் டீசல் 70 சதவீதம் மிச்சம் என்று கிட் விற்பவர்கள் இங்கே பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறார்கள். போன வருடம் நானும் மாட்டினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

70 என்பது பொய்க் கணக்கு இல்லை. டெல்லி வட்டாரத்தில் காற்றுத்தர மேலாண்மை ஆணையம் ஜெனரேட்டர்களுக்குச் சொன்னதும் 70 பங்கு கேஸ், 30 பங்கு டீசல்தான். முழுக்கக் கேஸிலேயே ஓட்டினால் என்ன என்று பட்டறைப் பையன் கேட்டான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாதே. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும், இயற்கை எரிவாயு அவ்வளவு லேசில் பற்றாது, அதனால் காற்றோடு கேஸைக் கலந்து உள்ளே விட்டு, கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி அதையே தீக்குச்சியாக்குகிறார்கள். கேஸ் சேரச் சேர, இன்ஜின் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னர் என்ற பாகம் டீசலைக் குறைத்துவிடும்.

சரி, எனக்கு ஏன் மிச்சமாகவில்லை? என்னுடைய ஜெனரேட்டரின் திறன் 62.5 கேவிஏ. கரன்ட் போனால் ஓடுவது இரண்டு லேத், ஒரு கிரைண்டர், நாலு ஃபேன், கால் லோடுகூட வராது. லோடு இவ்வளவு குறைந்தால் காற்றில் கேஸ் மெலிந்து, தீ சரியாகப் பரவாமல், எரியாத மீத்தேன் (இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி அதுதான்) புகைக்குழாய் வழியாகப் போய்விடும். அது கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இதற்காகவே கிட்டில் உள்ள கன்ட்ரோலர் குறைந்த லோடில் கேஸை மூடிவிடுகிறது, மறுபடியும் முழு டீசல்தான். கிட்டுக்காரரைக் கேட்டால் "லோடை ஏத்துங்கண்ணே" என்கிறார். டீசலை மிச்சம் பிடிக்க சும்மா மோட்டாரை ஓட்டவா? அதற்காக ஃபுல் லோடில் கேஸை அள்ளிக் கொடுத்தாலும் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டனுக்கு ஆபத்து. கம்பிரசர் விடாமல் ஓடுகிற ஐஸ் பேக்டரி மாதிரி இடங்களுக்கு இது சரிப்படும்.

இன்னொன்று. வீட்டு சிலிண்டரை ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் சிலரையும் பார்த்திருக்கிறேன். சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும்!

எண்ணூர் துறைமுகத்தில் 2019 முதல் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) இறக்கும் முனையம் இருக்கிறது, எங்கள் தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை, சிலிண்டரில்தான் கொண்டுவர வேண்டும், அந்த வண்டிக்கூலி தனி. கிட் விற்க வருபவர்களிடம் ஒரு வாரம் மீட்டர் மாட்டி லோடை அளந்துவிட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். என்னிடம் வந்தவர் ஜெனரேட்டரில் ஒட்டியிருந்த, திறன் எழுதிய பெயர்த் தகட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி.

ஒரு வாசகர்,
வியாசர்பாடி