ஸ்டோரர் கல்லூரிக்கும் வழி காட்டுங்கள்: ஹார்ப்பர்ஸ் ஃபெரி பூங்காவுக்கு ஒரு மனு

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
ஹார்ப்பர்ஸ் ஃபெரி தேசிய வரலாற்றுப் பூங்கா,
மேற்கு வர்ஜீனியா.

பொருள்: 1955-ல் மூடப்பட்ட ஸ்டோரர் கல்லூரியின் வரலாற்றைப் பார்வையாளர்களிடம் கொண்டுசேர்ப்பது தொடர்பாக.

வணக்கம். வாஷிங்டன் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் சார்பில் இதை எழுதுகிறேன், ஆங்கிலப் பிரதி இணைப்பில் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாங்கள் தவறாமல் கூட்டிக்கொண்டு வரும் இடம் உங்கள் பூங்கா. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தைப் பார்ப்பார்கள், ஜான் பிரவுன் கோட்டை (அடிமை முறையை ஒழிக்க 1859-ல் இங்கே ஆயுதமேந்திய பிரவுன் கடைசியாகப் பதுங்கிய கட்டிடம்) முன் போட்டோ எடுப்பார்கள், அப்புறம் மேலே ஏற முட்டி ஒத்துழைக்காது, திரும்பிவிடுவோம். மேலே கேம்ப் ஹில் என்ற குன்றில் ஒரு கல்லூரி இருந்ததே பலருக்குத் தெரியாது.

அந்தக் கோட்டையைக் காப்பாற்றியதில் இந்தக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. 1909-ல் ஸ்டோரர் கல்லூரிதான் அதை வாங்கித் தன் வளாகத்துக்குக் கொண்டுபோனது. 1968-ல்தான் அது கீழே வந்தது. இதைக் கோட்டைப் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி சொல்லுங்கள் என்பது முதல் கோரிக்கை.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே ஃப்ரீ வில் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த நேதன் பிராக்கெட், விடுதலையான அடிமைகளுக்கு இங்கே பள்ளி நடத்தத் தொடங்கினார், அதுவும் துப்பாக்கித் தொழிற்சாலை அதிகாரிகள் குடியிருந்து போரில் சிதைந்த வீட்டில். மெய்ன் மாநிலத்து ஜான் ஸ்டோரர் 10,000 டாலர் தந்தபோது நிறம், ஆண் பெண் பேதம் பார்க்காமல் எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1867-ல்! நைஜீரியாவின் முதல் ஜனாதிபதியான நம்டி அசிகிவே இங்கே படித்தவர்.

1881 மே 30 அன்று, அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸ் இங்கே ஜான் பிரவுனைப் பற்றிப் பேசினார். பிரவுனுக்குத் தூக்கு வாங்கித் தந்த அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டர் அதே மேடையில் உட்கார்ந்து கேட்டார், பேச்சு முடிந்ததும் பாராட்டவும் செய்தார். பயிற்சி மையமாக மாற்றப்பட்ட கல்லூரிக் கட்டிடமான அந்தோணி ஹாலை ஆண்டுதோறும் அந்த ஒரு நாளாவது பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அந்த உரையை வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இது இரண்டாவது.

கல்லூரியைப் புனிதமாக்கச் சொல்லவில்லை. 1906-ல் கறுப்பின அறிஞர் டு போய்ஸின் நயாகரா இயக்கம் என்ற சம உரிமை அமைப்பின் கூட்டத்துக்கு இடம் கொடுத்த அதே கல்லூரியின் தலைவர், 1931-ல், அடிமைகள் எஜமானர்களுக்கு விசுவாசமாகவே இருந்தார்கள் என்ற ‘விசுவாசமான அடிமை’ கதையைத் தூக்கிப்பிடித்த ஹேவார்ட் ஷெப்பர்ட் (பிரவுனின் தாக்குதலில் இறந்த கறுப்பின ரயில்வே தொழிலாளி) நினைவுக்கல் திறப்பு விழாவில் கலந்துகொண்டார். அங்கேயே எழுந்து மறுத்துப் பேசியவர் கல்லூரியின் இசை ஆசிரியை பெர்ல் டேட்டன். மறு ஆண்டு டு போய்ஸ் எழுதிய பதில் கல்வெட்டை வைக்கக் கல்லூரி விடவில்லை. 2006-ல்தான் அது வளாகத்தில் வைக்கப்பட்டது. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

மூடப்பட்ட கதையையும் அப்படியே சொல்லுங்கள். 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, எல்லாரும் கொண்டாட வேண்டிய தீர்ப்பு. இனி கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி எதற்கு என்று மாநில அரசு நிதியை நிறுத்திவிட்டது. ஏற்கனவே பணக் கஷ்டத்தில் இருந்த கல்லூரி அடுத்த ஆண்டே மூடிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்த கல்லூரிக்கு இந்தக் கதி.

கடைசியாக, தமிழில் ஒரு சின்னக் கையேடு வேண்டும், படி ஏற முடியாத பெரியவர்கள் கீழே உட்கார்ந்தபடியே படிக்கிற மாதிரி. மொழிபெயர்ப்பை நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம். உங்கள் ஆட்கள் சரிபார்த்த ஆங்கில மூலம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
வாஷிங்டன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக